பொட்டில்லாத புதுப் பெட்டி

அத்தியாயம் ஆறு

தாண்டவராயன் கட்ட வேண்டிய கடன் இருபத்தேழாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். அதை அவன் கை நீட்டி வாங்கவில்லை. செலவழிக்கவில்லை. அந்தப் பணத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் வெள்ளைத்தாளில் எழுதிய அந்தத் தொகைக்குக் கீழே, ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, தன் பெயரை எழுத்து எழுத்தாகப் போட்டுக் கொடுத்திருந்தான். இன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் கட்ட வேண்டும். இல்லையென்றால் போலீஸ் ஸ்டேஷன்.

"கடைக்காரரு ரேகை வையின்னாரு. நான் கையெழுத்தே போடுறேன்னேன்," என்றான்.

அதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தில் ஏதோ லேசாக அசைந்தது. உடனே அடங்கியும் விட்டது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடைக்கு மேல்மாடி. 'செம்பியன் விசாரணை நிலையம்' என்ற பலகைக்குப் பின்னால் ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுற்றினால் சத்தம் போடுகிற மின்விசிறி. செம்பியனுக்கு வயது நாற்பத்தெட்டு. முதுநகர் கிடங்குகளில் இருபது வருடம் மூட்டை தூக்கியவர். ஒரு நாள் அடுக்கிலிருந்து சரிந்த மூட்டை கழுத்தில் இறங்கியது. அன்றிலிருந்து இடது கையில் மூன்று விரல் மரத்துப்போனது. அப்புறம் கிடங்குகளில் காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்க ஆரம்பித்து, அதுவே பிழைப்பாகிவிட்டது. விரலில் இருந்த மரமரப்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயும் போய்விட்டதோ என்று அவருக்கே சில நாள் சந்தேகம் வரும். அதற்கும் பெரிதாக வருத்தப்படத் தோன்றுவதில்லை.

தாண்டவராயனைக் கூட்டி வந்தவள் உதவியாளர் ஜான்சி. ஒரே தெரு. ஃபைனான்ஸ் கம்பெனியில் தவணை கட்டாதவர்களைப் போனில் மிரட்டுகிற வேலையில் இருந்து, ஒரு நாள் மேனேஜரையே மிரட்டிவிட்டு வெளியே வந்தவள்.

"அண்ணே, இவரு கட்டிடுறேன்னு கெளம்பிட்டாரு. எடுக்காத பொருளுக்கு எவனாவது பணம் கட்டுவானா? இருக்குற எளிச்சவாயனுங்க சங்கத்துக்கு இவருதான் தலைவரு."

"மச்சான், முதல்லேருந்து சொல்லு," என்றார் செம்பியன்.

தாண்டவராயன் சொன்னான். யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

லாரன்ஸ் ரோட்டில் ராஜவேல் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். பாகம் பாகமாக வாங்கி, பூட்டி, புது கம்ப்யூட்டராக விற்பவன். சிதம்பரத்தில் வினோதினி என்ற பெண் ஜெராக்ஸ் கடையோடு கல்யாண ஆல்பம் டிசைன் செய்யப்போகிறாள். அதற்காக விலை ஜாஸ்தியான கிராபிக்ஸ் கார்டு போட்டு ஒரு மெஷின் கேட்டாள். திரையில் படத்தைக் கொண்டுவருகிற பாகம் அந்தக் கார்டுதான். வியாழக்கிழமை தாண்டவராயன் இரண்டு பெட்டிகளைப் பஸ்ஸில் ஏற்றி, மடியில் ஒன்று காலடியில் ஒன்றாக வைத்துக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தான். வெள்ளிக்கிழமை காலை திரையில் ஒன்றும் வரவில்லை. அங்கே ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, 'கார்டு செத்த கார்டு, பழசு' என்று சொல்லிவிட்டான். கடையில் ஓடிய கார்டு சிதம்பரத்தில் எப்படிச் சாகும்? நடுவில் அதைத் தொட்டவன் ஒருத்தன்தான். கார்டின் விலைக்கு அவனிடம் எழுதி வாங்கிவிட்டார்கள்.

"பையைக் கொட்டிப் பாத்தாங்க. என் நோட்டு இருந்துச்சி. அதுல கார்டோட நம்பரு இருந்துச்சி."

"அதை எதுக்கு எழுதினே?"

"எழுதிப் பழவுறதுக்கு." தாண்டவராயன் தரையைப் பார்த்தான். "நாப்பத்திரண்டு வயசுல பள்ளிக்கூடம் போனேன் மாமா, ராத்திரி வகுப்பு. நிறுத்தினா மறந்துடும்னாங்க. பெட்டி மேல இன்னா போட்டிருக்கோ அதைப் பாத்து எழுதுவேன். அன்னைக்கு அந்தக் கார்டு வந்த காலி அட்டையும் மேல கட்டியிருந்துச்சி. பஸ்ஸுல வேற இன்னா வேலை."

"நோட்டு எங்க?"

"அவுங்க எடுத்து வச்சிக்கிட்டாங்க. பணம் கூட பரவால்ல. நோட்டை வாங்கிக் குடுக்க முடியுமான்னு பாரு."

செம்பியன் சட்டையை மாட்டினார். சுவரில் மணி பத்தரை.

*

ராஜவேலுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஸ்குரூ டிரைவரைக் காதில் செருகியிருந்தான். நோட்டை மேசை டிராயரிலிருந்து எடுத்து இரண்டு விரலால் பிடித்து நீட்டினான்.

"பாருங்க. லோடுமேனுக்குக் கார்டு நம்பரு எதுக்கு? எவன்கிட்டயோ வெலை பேசியிருக்கான்."

செம்பியன் புரட்டினார். சோப்புப் பெட்டி, மிக்ஸிப் பெட்டி, உர மூட்டை. மூட்டைகளில் அச்சடித்திருக்கும் 'கொக்கி போடாதே' ஒரு பக்கம் முழுக்க. கடைசிப் பக்கத்தில் நீளமாக ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த வரிசை. எழுதியது என்று சொல்வதைவிட வரைந்தது என்று சொல்லலாம். ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுவது போல முனையில் ஆரம்பித்து முனையில் முடித்திருந்தான்.

"அவனுக்குத் தமிழ் எழுத்துதான் தெரியும். இதைப் படம் பாத்து வரைஞ்சிருக்கான்," என்றார் செம்பியன். "வெலை பேசறவன் கோலம் போடுவானா?"

"எனக்குத் தெரியாது சார். என் கடையில டிஸ்ப்ளே வந்துச்சி. போட்டோவே இருக்கு."

போனை நீட்டினான். முன்பக்கம் ஒரு படம், கண்ணாடிக்குள் வண்ண விளக்கெல்லாம் எரிய. பின்பக்கம் ஒரு படம்.

"பொண்ணு பாக்க வந்த மாதிரி முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணா?" என்றாள் ஜான்சி. "பின்னல் எவ்வளவு நீளம்னு பாக்கவா?"

செம்பியன் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கினார். கார்டின் முதுகில் வரிசையாக நான்கு துளை. ஒன்றில் மானிட்டர் கேபிள் செருகியிருந்தது. மற்ற மூன்றும் கறுப்பாக மூடியிருந்தன.

"இது இன்னா?"

"ரப்பர் மூடி. புதுக் கார்டுல எல்லா ஓட்டைக்கும் போட்டு வரும், தூசி போவாம. டெஸ்ட் பண்ண ஒண்ணை மட்டும் எடுத்தேன்."

"சிதம்பரத்துல இருக்குற கார்டோட நம்பரும் நோட்டுல இருக்குற நம்பரும் ஒண்ணான்னு பாத்தியா?"

"கடையை வுட்டுட்டு எப்பிடி சார் போறது? அந்தப் பொண்ணை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மொத நாள் கரண்ட் இல்லன்னுச்சி. மறுநாள் போன் கேமரா சரியில்லன்னுச்சி."

"ஜெராக்ஸ் கடையில கேமரா சரியில்லையாம்," என்றாள் ஜான்சி. "தண்ணிப் பந்தல்ல தாகம்னு சொன்ன மாதிரி இருக்கு."

செம்பியன் நோட்டைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ராஜவேல் கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஆறு மணி வரைக்கும்தான் சார்," என்றான் முதுகுக்குப் பின்னால்.

*

சிதம்பரம் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் ஜன்னலோரம் ஒரு இருக்கை காலியானது. செம்பியன் உட்கார்ந்தார். ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றும் முதுகெலும்பில் எண்ணிக்கை போட்டது. இந்த ரோட்டில் இரண்டு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவன் எழுதிப் பழகியிருக்கிறான்.

"அண்ணே, ஒருவேளை நம்பரு வேற மாதிரி இருந்தா?" ஜான்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டாள்.

"அப்ப கார்டு மாறியிருக்குன்னு அர்த்தம்."

"தாண்டவராயன் அண்ணன்தான்னு அர்த்தமா?"

செம்பியன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பரங்கிப்பேட்டைக்குத் திரும்புகிற முட்லூரில் பாதிப் பஸ் இறங்கியது. வெள்ளாற்றுப் பாலத்தில் வெயிலில் கண் கூசியது. எந்தப் பதில் வந்தாலும் தான் அதே முகத்தோடுதான் திரும்பப்போகிறோம் என்று அவருக்குத் தோன்றியது. தாண்டவராயனுக்கு அப்படி இல்லை. திருடன் என்று ஒரு வார்த்தை பரவிவிட்டால் லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடைக்காரனும் அவன் தலையில் பெட்டி வைக்கமாட்டான். இருபத்தேழாயிரம் ஒரு நாள் கட்டி முடியும். அந்தப் பெயர் முடியாது.

*

தெற்கு வீதியிலிருந்து பிரிகிற சந்தில் வினோதினியின் கடை. வீட்டின் முன்னறையைத்தான் கடையாக்கியிருந்தார்கள். வினோதினி மெலிந்த பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மெக்கானிக் பாத்துட்டாருங்க. கார்டு போயிடுச்சின்னு சொல்லிட்டாரு. இனிமே நீங்க பாத்து இன்னா ஆவப்போவுது?"

"சும்மா பாத்துட்டுப் போறோம்," என்றார் செம்பியன்.

புது மெஷின் மேசைக்குக் கீழே இருந்தது. பக்கவாட்டுக் கண்ணாடி துடைத்து வைத்தது போல் பளபளத்தது. ஜான்சி போன் டார்ச்சை அடிக்க, செம்பியன் முழங்காலிட்டுக் கண்ணாடி வழியாகக் கார்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். ஒரு கையில் தாண்டவராயனின் நோட்டு. ஒரு எழுத்து, ஒரு கோலம். ஒரு எழுத்து, ஒரு கோலம். கடைசி எண் வரை போனார்.

"அதேதான்," என்றார்.

ராஜவேலுக்குப் போன் போட்டார்கள். நம்பரைப் படிக்க, அவன் கார்டு வாங்கிய பில்லைத் தேடி எடுத்து ஒப்பிட்டான்.

"நான் வாங்குன கார்டுதான் சார் அது."

"இந்த பில்லை முந்தியே எடுத்துப் பாத்திருக்கலாமில்ல?"

"பாத்திருக்கலாம்."

கார்டு மாறவில்லை. இருந்தும் திரை இருட்டு. வினோதினி ஸ்விட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது, வண்ண விளக்கு எரிந்தது. மானிட்டரில் சிக்னல் இல்லை என்று ஒரு வரி வந்து மறைந்தது.

போனில் ராஜவேல் ஒவ்வொன்றாகச் சொன்னான். மானிட்டரில் எந்தக் கேபிள் என்று தேர்ந்தெடுக்கிற பட்டன் சரியாக இருக்கிறதா? இருந்தது. கேபிள் கார்டில்தானே செருகியிருக்கிறது, மேலே மதர்போர்டில் செருகிவிடவில்லையே? கார்டில்தான். கீபோர்டில் 'நம்லாக்' என்ற பொத்தானை அமுக்குங்கள், சின்ன விளக்கு எரிகிறதா?

ஜான்சி அமுக்கினாள். எரிந்தது. மறுபடி அமுக்கினாள். அணைந்தது. அதே சமயம் மேசை மேலிருந்த ஸ்பீக்கரிலிருந்து கம்ப்யூட்டர் தொடங்கிவிட்டதற்கான மெல்லிய இசை வந்தது.

"இப்ப வந்த சத்தம் இன்னா?" ராஜவேலின் குரல் மாறியது.

"உங்க செத்த கார்டு பாடுது," என்றாள் ஜான்சி.

"சார், கார்டு செத்திருந்தா இது வராது. இந்த மாடல்ல பிராசசருக்குத் தனியா டிஸ்ப்ளே கெடையாது. கார்டு இல்லன்னா போர்டு அங்கயே நின்னு ஒரு சிவப்பு வெளக்கு எரியும். இது முழுசா ஓடிக்கிட்டு இருக்கு."

"அதாவது, உள்ள ஆள் முழிச்சிருக்கு. கதவுதான் தெறக்கல."

"அப்பிடி வச்சிக்கலாம்."

செம்பியன் போனை அணைத்துப் பையில் போட்டார். எழுந்து ஸ்டூலில் உட்கார்ந்து கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஜெராக்ஸ் மெஷின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். லேமினேஷன் மெஷினில் பொட்டு. பழைய மானிட்டரில் பொட்டு. ஸ்விட்ச் போர்டில், கல்லாப் பெட்டியில், பேப்பர் வெட்டுகிற கத்தியின் பிடியில். போன ஆயுத பூசைக்கு வைத்தவை காய்ந்து வெடித்திருந்தன. ஒன்றையும் யாரும் துடைக்கவில்லை.

"ஸ்டேப்ளர் கூட குளிச்சிப் பொட்டு வச்சிக்கிட்டு உக்காந்திருக்கு," என்றாள் ஜான்சி, அவர் கண் போன திசையைப் பார்த்து. "எங்க வீட்ல நாலு சுவத்துக்குச் சேத்து ஒரே சிலுவை. சிக்கனம்."

செம்பியன் கடைசியாகக் கீழே பார்த்தார். புது மெஷின் மட்டும் வெறும் நெற்றியோடு இருந்தது. வந்து ஐந்து நாள்கூட ஆகவில்லை. இந்தக் கடையில் மற்ற எல்லாவற்றையும்விட அதன் பொட்டுதான் ஈரம் காயாமல் இருக்க வேண்டும்.

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து வினோதினியின் மாமியார் இரண்டு டம்ளர் மோரோடு வந்தாள். மங்கலம் என்று பெயர். வந்தவர்களுக்கு எதையாவது கொடுக்காமல் அனுப்பினால் தூக்கம் வராத ரகம்.

"குடிங்க. வெயிலு இன்னா போடு போடுது."

செம்பியன் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "ஏம்மா, இவ்வளவு பெரிய செலவு பண்ணி மெஷின் வாங்கியிருக்கீங்க. பூசை போடலியா?" என்றார்.

"போடாமயா? வெள்ளிக்கெழமை நல்ல நேரத்துல நானே போட்டேன். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் சுத்தி..."

"அத்தை," என்றாள் வினோதினி.

"இன்னாடி? உண்மையத்தானே சொல்றேன். சந்தனத்துல பன்னீர் ஊத்தி நானே கொழச்சேன். மொகத்துல மூணு வச்சேன். பின்னாடி திருப்பிப் பாத்தா வாசல் வாசலா இருந்துச்சி. நிலைப்படிக்குப் பொட்டு வைக்கிறோமில்ல, அதுமாதிரி எல்லா வாசலுக்கும் ஒண்ணு வச்சேன். ஒண்ணுக்கு வச்சி ஒண்ணை வுடலாமா?"

செம்பியன் டம்ளரைக் கீழே வைத்தார். "சந்தனம் கெட்டியாவா, தண்ணியாவா?"

"தண்ணியாத்தான். கெட்டியா இருந்தா உதுந்துடுமில்ல."

வினோதினி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரையும் பார்க்கவில்லை.

செம்பியன் மெஷினை அணைத்து, இரண்டு கையாலும் தூக்கி மேசை மேல் வைத்து, முதுகைத் தன் பக்கம் திருப்பினார். மரத்த கையால் அதைப் பிடித்துக்கொண்டு வலது கை நகத்தால் ஒரு ரப்பர் மூடியின் ஓரத்தைச் சுரண்டினார். நகத்தில் சிவப்பாக ஒரு கோடு வந்தது. இரண்டாவது மூடி. அங்கேயும் குங்குமம். மூன்றாவதிலும்.

"மேலே தொடைச்சிட்டாங்க. ஓரத்துக்குப் போவல," என்றார். பிறகு கேபிளை மெதுவாக உருவினார். அதன் முனை மஞ்சளாக இருந்தது. ஜான்சி டார்ச்சை அடித்தாள். துளைக்குள் காய்ந்து இறுகிய சந்தனம், பூசி மெழுகிய தரை போல.

"ஜான்சி, ராஜவேல் காட்டின போட்டோவுல எத்தனை மூடி?"

"மூணு."

"மூடி இருந்த மூணு வாசல்லயும் சந்தனம் மூடி மேலயே நின்னுடுச்சி. டெஸ்ட் பண்றதுக்காக அவன் எடுத்த நாலாவது மூடியை அவன் திருப்பிப் போடல. அந்த வாசல்ல சந்தனம் உள்ள எறங்கிடுச்சி. அது மேலயே கேபிளைக் குத்தி ஏத்தியிருக்காங்க. காஞ்சி கல்லாயிடுச்சி. மெக்கானிக்குக்கு அந்த ஒரு ஓட்டைதான் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. கேபிளை உருவியும் பாக்கல, கறுப்பு மூடிக்குள்ள இன்னும் மூணு இருக்குறதையும் பாக்கல."

"அப்ப திருடினது யாரு?" என்றாள் மங்கலம், ஒன்றும் புரியாமல்.

"யாரும் திருடல பெரியம்மா," என்றாள் ஜான்சி. "நீங்க கதவுக்குப் பொட்டு வச்சீங்க. கதவு ஒட்டிக்கிச்சி."

செம்பியன் வினோதினியைப் பார்த்தார். கோபமாகப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தது. கோபம் வரவில்லை. அவள் முகத்தில் இருந்ததும் அவருக்குப் பழக்கமான ஒன்றுதான். பயந்து பயந்து கடைசியில் பயமும் தீர்ந்துபோன முகம்.

"எப்பம்மா தொடைச்சே?"

"மெக்கானிக் வர்றதுக்கு முன்னாடி." குரல் வறண்டிருந்தது. "கார்டு கூட வந்த பேப்பர்ல போட்டிருந்துச்சி, தண்ணி பட்டா வாரண்டி கெடையாதுன்னு. குழு லோன்ல வாங்குன மெஷின் சார். அடுத்த மாசம் பத்தாம் தேதி மொத தவணை. வாரண்டி போயிடுச்சின்னா நான் எங்க போவேன்? தொடைச்சிட்டேன். அத்தைகிட்டயும் சொல்லல, மனசு கஷ்டப்படும்னு."

"போட்டோ கேட்டப்போ அதான் அனுப்பலியா?"

"கறை தெரியும்னு பயந்தேன். அந்தப் பெட்டி தூக்கிட்டு வந்தவரு மேல நான் பழி போடல சார். ராஜவேல் அண்ணன்தான் அவரு மாத்தியிருப்பாருன்னு சொன்னாரு. நான் இல்லன்னு சொல்லல. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்," என்று ஜான்சி திருப்பிச் சொன்னாள். அதில் நகைச்சுவை இல்லை. "அவ்வளவுக்கு வெலை இருபத்தேழாயிரத்து முந்நூத்தி நாப்பது. அவரு இன்னைக்கு ஆறு மணிக்குள்ள கட்டணும். தெரியுமா அக்கா?"

வினோதினி தெரியாது என்று தலையை ஆட்டினாள். தாண்டவராயன் அன்று பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, கொடுத்த மோரைக்கூட வாசலில் நின்றே குடித்துவிட்டுப் போனதாக மங்கலம் சொன்னாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனானாம்.

செம்பியன் சந்தனம் ஏறிய துளையை விட்டுவிட்டு, அதே வடிவத்தில் பக்கத்தில் இருந்த துளையின் ரப்பர் மூடியை நகத்தால் நெம்பி எடுத்தார். உள்ளே புதுசாக மின்னியது.

"வேற கேபிள் இருக்கா?"

மங்கலம்தான் ஓடினாள். வீட்டு டிவியின் கேபிளைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். செம்பியன் ஒரு முனையை மானிட்டரிலும் மறுமுனையைக் கார்டிலும் செருகினார். வினோதினி ஸ்விட்சைப் போட்டாள். அவள் விரல் பொத்தானை விட்டு விலகவே இல்லை.

விசிறி. வண்ண விளக்கு. கொஞ்சம் இருட்டு.

பிறகு திரை வெளுத்தது. ஒரு மலையும் ஏரியும் வந்தன. எந்த ஊர் மலையோ. அந்த நீல வெளிச்சம் நான்கு பேர் முகத்திலும் விழுந்தது. யாரும் கைதட்டவில்லை. மங்கலம் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாமி கண்ணைத் தொறந்துடுச்சி."

"சாமி அன்னைக்கே தொறந்துடுச்சி பெரியம்மா. நீங்கதான் எமை மேல சந்தனத்தை அப்பிட்டீங்க," என்றாள் ஜான்சி.

மங்கலம் அதற்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், மருமகள் அழாமல் அழுவதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"அந்தச் சந்தனம் ஏறுன ஓட்டையை ராஜவேல் வந்து கிளீன் பண்ணிக் குடுப்பான்," என்றார் செம்பியன். "மெஷின் ஓடுது. உன் தவணையை நீ கட்டலாம். ஒண்ணு மட்டும் பண்ணு. நடந்தது இன்னான்னு உன் வாயாலயே அவனுக்குப் போன்ல சொல்லு. இப்பவே."

அவள் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கிச் சொன்னாள். மணி நாலு ஆகிவிட்டிருந்தது.

*

கடலூர் வந்து சேர ஐந்தே முக்கால். ராஜவேல் கடை வாசலில் தாண்டவராயன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். செம்பியனைப் பார்த்து எழுந்தான்.

"அஞ்சாயிரம் கட்டிட்டேன் மாமா," என்றான். "மத்தியானம். வூட்ல அவ கம்மலை வச்சி. மீதிக்கு இன்னும் ஒரு வாரம் கேட்டிருக்கேன்."

ஜான்சி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "போன் வந்தப்புறமும் இவரு ஒண்ணும் சொல்லலியா?"

"இன்னா போன்?"

உள்ளே ராஜவேல் டிராயரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். ஐயாயிரமும் அதில் அப்படியே இருந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு மணி நேரம் அந்த டிராயரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தானாம். அவனே சொன்னான். பணத்தை எடுத்துத் தாண்டவராயன் கையில் வைத்தான்.

"கார்டு நல்லாத்தான் இருக்குதாம்," என்றான். "சந்தனம் பட்டுடுச்சி. நீ எடுக்கல."

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும்," என்றான் தாண்டவராயன்.

"கம்மலுக்கு ஒரு நாள் வட்டி?" என்றாள் ஜான்சி. "அடகுக்கடைக்காரன் அரை நாளைக் கூட முழு மாசமாத்தான் எழுதுவான். நூறு ரூபாயாவது ஆவும்."

ராஜவேல் நூறு ரூபாய் கொடுத்தான். பிறகு அந்த வெள்ளைத்தாளை எடுத்தான். இருபத்தேழாயிரத்து முந்நூற்று நாற்பது. கீழே ஐந்து நிமிடக் கையெழுத்து. கிழிப்பதற்காக இரண்டு கையாலும் பிடித்தான்.

"கிழிக்காதீங்க," என்றான் தாண்டவராயன்.

"ஏன்யா? இனிமே இது எதுக்கு?"

"கிழிச்சிட்டா இருந்துச்சா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? கீழ எழுதுங்க."

ராஜவேல் செம்பியனைப் பார்த்தான். செம்பியன் வேறு பக்கம் பார்த்தார். ராஜவேல் பேனாவை எடுத்து, கையெழுத்துக்குக் கீழே 'பாக்கி இல்லை' என்று எழுதினான்.

தாண்டவராயன் தாளை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தான். விரலை ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே வைத்து, உதடு அசைய, முழுதாகப் படித்தான். கடைக்கு வந்த ஒருவர் சார்ஜர் கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார்.

"தேதி போடுங்க."

போட்டான்.

"உங்க கையெழுத்து."

அதையும் போட்டான்.

செம்பியன் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். தாண்டவராயன் வாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான். தொடை மேல் நோட்டு, பக்கத்தில் தாள். கோலம் போட்ட நம்பருக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பி, பார்த்துப் பார்த்து எழுத ஆரம்பித்தான்.

செம்பியன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். சந்தோஷப்பட வேண்டிய நேரம் இது என்று அவருக்குத் தெரிந்தது. மரத்த விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டினார். அவ்வளவுதான் முடிந்தது.

ராஜவேல் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். வழக்கமான குரல் வரவில்லை, கொஞ்சம் தணிந்து வந்தது.

"தாண்டவராயா, நாளைக்கு நெய்வேலிக்கு ஒரு பெட்டி போவணும். காலையில வர்றியா?"

தாண்டவராயன் தலையைத் தூக்கவில்லை.

"இருங்க," என்றான். "எழுதிக்கிட்டு இருக்கேன்."